ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் முதல் வரியை எழுதியது காண்ட்டா?

வினா: மூன்றாமாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் என்ற பாடத்துக்காக ஜெர்மனியின் அரசமைப்பான அடிப்படைச் சட்டம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மனிதரின் மாண்பு மீறவொண்ணாதது என்றும், அதை மதிப்பதும் காப்பதும் அரசதிகாரம் அனைத்தின் கடமை என்றும் அதன் முதல் உறுப்பு கூறுகிறது. வகுப்பில் இதை விளக்கிய ஆசிரியர், இது ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட்டின் வரி என்றும், ஐரோப்பாவின் அறிவொளிக் காலத் தத்துவம் அப்படியே சட்டமாக மாறிய இடம் இது என்றும் சொன்னார். விடுதிக்கு வந்து அந்தச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். காண்ட்டின் பெயர் எங்குமே இல்லை. முகவுரையோ கடவுளுக்கும் மனிதர்களுக்கும் முன்பாகத் தங்களுக்குள்ள பொறுப்பை உணர்ந்து ஜெர்மானிய மக்கள் இதை இயற்றிக்கொள்வதாகத் தொடங்குகிறது. இதைப் படித்ததும் எனக்குக் குழப்பமாகிவிட்டது.

எனவே இரண்டு கேள்விகள். 18ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஒருவரின் கருத்து 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் உண்மையிலேயே நுழைந்ததா, நுழைந்தது என்றால் எந்த வழியாக? அப்படி நுழைந்த சொல் நீதிமன்றத்தில் ஏதாவது வேலை செய்கிறதா, அல்லது முகப்பில் மாட்டிய படம்போல இருந்துவிடுகிறதா?

இரண்டாவது கேள்வியை நான் தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை. சென்ற மாதம் பயிற்சிக்காக ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றுவந்தேன். இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் முதல்முறையாகப் பிடிபட்ட இரண்டு இளைஞர்களை ஒரே கைவிலங்கில் பூட்டி, வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். காவலர் நல்ல மனிதர்தான். இருவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஒருவன் குடிப்பதற்காகக் கையை உயர்த்தும்போதெல்லாம் மற்றவனின் கையும் சேர்ந்து உயர்ந்தது. அவன் தன் முறை வரும்வரை தேநீர்க் குவளையைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். மாண்பு என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

மறுமொழி 1: காவிரிக்கரை (தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றவர்)

அம்மா, உங்கள் ஆசிரியர் சொன்னதில் பாதி சரி. அந்த வரியை எழுதியவர்கள் வேறு. அதற்கு இன்று நாம் கொள்ளும் பொருளைத் தந்ததில் காண்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். 'மாண்புமிகு' என்ற அடைமொழியை நாம் யாருக்கு எழுதுகிறோம்? அமைச்சருக்கும் நீதிபதிக்கும் எழுதுகிறோம். பதவி போன மறுநாள் அந்த அடைமொழியும் போய்விடுகிறது. பழைய ரோமானியர்கள் வழங்கிய 'டிக்னிடாஸ்' என்ற சொல்லும் பெரும்பாலும் இப்படித்தான் ஒருவர் வகித்த பதவியையும் குடிப்பெருமையையும் குறித்தது. ஒருவருக்குக் கூடுதலாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் இருக்கக்கூடிய ஒன்றாக அது இருந்தது. கோனிக்ஸ்பெர்க் நகரில், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்த காண்ட், 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் இந்தச் சொல்லைப் பதவியிலிருந்து கழற்றி மனிதர் ஒவ்வொருவர் மீதும் வைத்தார். அவர் வாதம் எளிமையானது. உலகில் ஒன்றுக்கு விலை இருக்கும், அல்லது மாண்பு இருக்கும். விலை உள்ளதற்குப் பதிலாக அதற்கு ஈடான வேறொன்றை வைத்துவிடலாம். குடம் உடைந்தால் இன்னொரு குடம் வாங்கிக்கொள்கிறோம். எதற்கு ஈடே கிடையாதோ அதற்குத்தான் மாண்பு. மனிதர் தமக்கான நெறியைத் தாமே பகுத்தறிந்து வகுத்துக்கொள்ளக் கூடியவர் என்பதால் அவருக்கு ஈடு இல்லை. ஆகவே எந்த மனிதரையும், உங்களையும் சேர்த்து, வெறும் கருவியாக மட்டும் நடத்தாதீர்கள். எப்போதும் அவரே ஒரு நோக்கம் என்றும் கருதி நடத்துங்கள்.

'மட்டும்' என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மாணவர்கள் பலர் தேர்வுத்தாளில் அதை விட்டுவிட்டு, காண்ட் சொன்னதையே வேறொன்றாக்கிவிடுவதை முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பேருந்து ஓட்டுநரை நான் ஊர்போய்ச் சேர்வதற்குப் பயன்படுத்துகிறேன், அதில் தவறில்லை. அவர் அந்த வேலைக்கு இசைந்திருக்கிறார், கூலி பெறுகிறார், நாளை வேண்டாம் என்று சொல்லவும் அவரால் முடியும். அந்த இசைவையும் மறுப்பையும் அவரிடமிருந்து பறித்துவிட்டு அவரை இயக்கும்போதுதான் அவர் வெறும் கருவியாகிறார்.

இனி, இது சட்டத்துக்குள் வந்த வழி. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு, ஜெர்மன் ரைஷ் (அன்றைய ஜெர்மன் அரசின் பெயர்) ஒரு குடியரசு என்று அரசிலிருந்து தொடங்கியது. அடிப்படை உரிமைகள் இரண்டாம் பகுதியில், 109ஆம் உறுப்பிலிருந்துதான் வந்தன. மனித மாண்பு பற்றிய குறிப்பும் அதில் உண்டு: பொருளாதார வாழ்வு அனைவருக்கும் மனிதருக்குரிய வாழ்வை உறுதி செய்ய வேண்டும் என்று 151ஆம் உறுப்பு கூறியது. இவ்வளவும் இருந்தும், 1933 பிப்ரவரி 28 அன்று நெருக்கடிநிலை அதிகாரம் தரும் 48ஆம் உறுப்பின் கீழ்ப் பிறப்பித்த ஒரே ஆணையில் முக்கியமான உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 23 அன்று நாடாளுமன்றமே சட்டமியற்றும் அதிகாரத்தை இட்லரின் அரசாங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்தது. பிறகு நடந்ததை நான் இங்கே விரிக்க வேண்டியதில்லை.

அந்த அழிவுக்குப் பிறகு, 1948 ஆகஸ்ட் மாதம் பவேரியாவில் ஏரி நடுவிலுள்ள ஹெரன்கீம்சே தீவில் வல்லுநர்கள் கூடி ஒரு வரைவு தயாரித்தார்கள். அரசு மனிதருக்காகவே இருக்கிறது, மனிதர் அரசுக்காக இல்லை என்பது அதன் முதல் வரி. செப்டம்பர் 1 அன்று பான் நகரில், அடிப்படைச் சட்டத்தை இயற்றுவதற்கான நாடாளுமன்ற மன்றம் தொடங்கியது. நகரில் சேதமில்லாத பெரிய கூடம் வேறு அகப்படாததால், தொடக்க விழா ஒரு விலங்கியல் அருங்காட்சியகத்தில், பாடம் செய்யப்பட்ட விலங்குகளைத் திரையிட்டு மறைத்துவிட்டு நடந்தது. வாக்குரிமை கொண்ட உறுப்பினர்கள் 65 பேர். அங்கே காண்ட்டின் மாணவர்கள் மட்டும் இருக்கவில்லை. அடால்ஃப் சூஸ்டர்ஹென் போன்றோர் கத்தோலிக்க இயற்கைச் சட்ட மரபிலிருந்து, மனிதர் கடவுளின் சாயல் என்ற இடத்திலிருந்து பேசினார்கள். கார்லோ ஷ்மிட் போன்ற சமூக ஜனநாயகவாதிகளும், தியோடர் ஹாய்ஸ் போன்ற தாராளவாதிகளும் இருந்தார்கள். அதே மாதங்களில் பாரிஸில் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை இறுதி செய்துகொண்டிருந்தது. மாண்பு என்ற சொல் அதன் முதல் உறுப்பிலும் இருக்கிறது.

மாண்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இவர்கள் ஆளுக்கொரு விடை சொல்லியிருப்பார்கள். ஆகவேதான் ஹாய்ஸ் அதை விளக்கம் சேர்க்கப்படாத ஒரு கூற்றாகவே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை முன்வைத்தார். இதைச் சிலர் கோழைத்தனம் என்பார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெவ்வேறு வாசல் வழியாக வந்தவர்கள் ஒரே அறையில் உட்கார முடிந்ததே பெரிய காரியம். முகவுரையில் கடவுள் இருப்பதும் முதல் உறுப்பில் எந்தத் தத்துவவாதியின் பெயரும் இல்லாததும் இந்த உடன்பாட்டின் அடையாளங்கள். 1949 மே 8 அன்று, அதாவது ஜெர்மனி சரணடைந்து சரியாக நான்காண்டுகள் முடிந்த அன்று, நள்ளிரவு நெருங்கும் வேளையில் 53க்கு 12 என்ற வாக்குகளில் சட்டம் நிறைவேறியது.

மறுமொழி 2: கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்

ஐயா சொன்ன வரலாற்றுக்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு, இந்தச் சொல் வேலை செய்கிறதா என்பதற்கு, நான் விடை சொல்கிறேன்.

விளக்கமில்லாமல் விட்ட கூற்றை நீதிமன்றம் எப்படிப் பயன்படுத்தும்? அதற்கான கருவியை 1956இல் குந்தர் டூரிக் என்ற சட்ட அறிஞர் ஒரு கட்டுரையில் தந்தார். கண்முன் நிற்கும் ஒரு மனிதர் ஒரு பொருளாக, வெறும் கருவியாக, பதிலுக்கு வேறொன்றை வைத்துக்கொள்ளத்தக்க ஓர் அளவாகத் தாழ்த்தப்படும்போது மாண்பு மீறப்படுகிறது என்பது அவர் வகுத்த இலக்கணம். 'பதிலுக்கு வைத்துக்கொள்ளத்தக்க' என்ற சொல்லில் காண்ட்டின் விலையும் மாண்பும் அப்படியே கேட்கின்றன. டூரிக்கின் சிந்தனையில் கிறித்தவ ஒழுக்கவியலுக்கும் இடம் உண்டு என்பதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: மாண்பு என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை, எப்போது அது உடைகிறது என்று மட்டும் சொல்கிறார். வழக்காடுபவனுக்கு அதுதான் தேவை.

கார்ல்ஸ்ரூ நகரில் 1951இல் தொடங்கிய கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் இந்த இலக்கணத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. மனிதர் பல வேளைகளில் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு பொருளாகவும் இருக்கவே செய்கிறார், எனவே இந்த வாய்பாடு திசையை மட்டுமே காட்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒட்டுக்கேட்டல் வழக்கில் அதே நீதிமன்றம் எச்சரித்தது. 1977இல் ஆயுள் தண்டனை குறித்த வழக்கு வந்தது. கொலை செய்தவருக்கும் மாண்பு உண்டு. என்றாவது ஒருநாள் வெளியே வரலாம் என்ற மெய்யான வாய்ப்பு இல்லாமல் ஒருவரைச் சாகும்வரை பூட்டிவைப்பது அவரை ஒரு பொருளாக்குவதே என்று நீதிமன்றம் சொன்னது. அதன் விளைவாக, 15 ஆண்டுகளுக்குப் பிறகு விடுதலையைப் பரிசீலிக்கும் விதி 1981இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது.

எல்லாவற்றையும்விடக் கூர்மையானது 2006 பிப்ரவரி 15 அன்று வந்த வான்பாதுகாப்புச் சட்டத் தீர்ப்பு. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 அன்று நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, 2003 ஜனவரியில் ஒருவர் சிறிய விமானம் ஒன்றைக் கடத்தி, பிராங்பர்ட் நகரின் உயர்ந்த கட்டடங்களுக்கு மேலே வட்டமிட்டு, ஐரோப்பிய மத்திய வங்கியின் கோபுரத்தில் மோதப்போவதாக மிரட்டினார். அதையடுத்து 2005இல் ஒரு சட்டம் வந்தது. ஆயுதமாக மாற்றப்பட்ட பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்த ஆணையிடும் அதிகாரத்தை அதன் 14ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு பாதுகாப்பு அமைச்சருக்குக் கொடுத்தது.

அந்த விமானத்தின் பதினான்காம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் வார் மாட்டியிருக்கிறார். கதவு அவர் வசம் இல்லை. கீழே யாரோ ஒருவர் மேசையில் ஒரு கணக்கு நடக்கிறது. விமானத்தில் இத்தனை பேர், கோபுரத்தில் அதைவிடப் பலர்; எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே என்று அந்தக் கணக்கு சொல்கிறது. நீதிமன்றம் அந்தக் கணக்கையே ஏற்க மறுத்தது. பிறரைக் காப்பாற்றுவதற்காக அரசு இவர்களைக் கொன்றால், கடத்தியவர்கள் செய்ததைப் போலவே அரசும் இவர்களை வெறும் பொருளாக்குகிறது. இன்னும் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பார்கள் என்பதைப் பொறுத்து மாண்பு கூடுவதோ குறைவதோ இல்லை என்று கூறி அந்த உட்பிரிவைச் செல்லாததாக்கியது. ஆயுதப் படைகளை இப்படிப் பயன்படுத்தும் அதிகாரம் அப்போதைய அரசமைப்பில் இல்லை என்பது இன்னொரு காரணம். விமானத்தில் கடத்தியவர்கள் மட்டும் இருந்தால் விடை வேறு என்றும் தீர்ப்பு சொல்கிறது. தாமே தேர்ந்த செயலுக்கு அவர்களைப் பொறுப்பாக்குவது அவர்களைப் பகுத்தறிவுள்ள மனிதர்களாக நடத்துவதுதான். இதைவிடக் காண்ட்டுக்கு நெருக்கமான ஒரு வாதத்தை நான் வேறெந்த நீதிமன்றத் தீர்ப்பிலும் படித்ததில்லை.

தீர்ப்பு சரியா என்று நீங்கள் கேட்டால், கோபுரத்தில் இருப்பவர்களின் உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு இல்லையா என்ற எதிர்வாதம் வலுவானது என்பதை ஒப்புக்கொள்வேன். பத்து முறையாவது படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்தப் பதினான்காம் வரிசைக்குத்தான் போய் நிற்கிறேன்.

வினாவியவர்: மூன்றாமாண்டு மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் இடிக்கிறது. இதே அடிப்படைச் சட்டத்தின் 102ஆம் உறுப்பு மரண தண்டனையை ஒழிக்கிறது. ஆனால் காண்ட் மரண தண்டனையை ஆதரித்தவர் என்று படித்தேன். அப்படியானால் இந்தச் சட்டம் காண்ட்டைப் பின்பற்றுகிறதா, மறுக்கிறதா?

மறுமொழி 3: காவிரிக்கரை

நல்ல இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். ஆதரித்தார் என்று மட்டும் சொன்னால் போதாது; மிகக் கடுமையாக ஆதரித்தார். 1797ஆம் ஆண்டு நூலில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. தீவு ஒன்றில் வாழும் மக்கள் தங்கள் சமூகத்தைக் கலைத்துவிட்டு உலகமெங்கும் பிரிந்துபோக முடிவு செய்கிறார்கள். அப்போதும், கிளம்புவதற்கு முன், சிறையில் எஞ்சியிருக்கும் கடைசிக் கொலையாளியைத் தூக்கிலிட்ட பிறகே அவர்கள் போக வேண்டும் என்கிறார். மரண தண்டனைக்கு எதிராக 1764இல் நூல் எழுதிய மிலான் நகரத்துப் பெக்காரியாவை, போலியான மனிதநேயம் பேசுகிறவர் என்று அதே இடத்தில் கண்டிக்கிறார். பெக்காரியா அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 26. இருவருமே அறிவொளிக் காலத்தின் பிள்ளைகள்தாம். ஆக, அந்தக் காலத்தை ஒரே குரல் என்று எண்ணிக்கொண்டால் இந்த இடத்தில் இடறிவிடுவோம். முதல் உறுப்பில் காண்ட்டின் குரல் கேட்கிறது. 102ஆம் உறுப்பு அவரை எதிர்த்துப் பெக்காரியாவின் பக்கம் நிற்கிறது.

102ஆம் உறுப்பின் பிறப்பும் முழுக்கத் தத்துவத்தால் நேர்ந்ததில்லை. அதை முதலில் முன்மொழிந்தவர் ஒரு சிறிய வலதுசாரிக் கட்சியின் உறுப்பினர். போர்க் குற்றவாளிகளை நேச நாடுகள் தூக்கிலிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய நோக்கம் என்ன என்ற விவாதம் இன்றும் உண்டு. பின்னர் சமூக ஜனநாயகவாதிகள் அதைத் தங்கள் காரணங்களுக்காக எடுத்துக்கொண்டார்கள். ஹெஸ்ஸே மாநிலத்தின் அரசமைப்பில் மரண தண்டனை பற்றிய விதி வெறும் எழுத்தாக 2018ஆம் ஆண்டுவரை இருந்து, பிறகு மக்கள் வாக்கெடுப்பில் நீங்கியது.

இன்னொரு முரணையும் பாருங்கள். ஆட்சியாளர் எவ்வளவு கொடியவராயினும் குடிமக்கள் அவரை எதிர்த்துக் கிளர்ந்தெழக் கூடாது என்று காண்ட் எழுதினார். எழுத்தால் விமர்சிக்கும் உரிமையை மட்டும் விட்டுவைத்தார். ஆனால் 1968இல் சேர்ந்த 20ஆம் உறுப்பின் 4ஆம் பிரிவு, இந்த அரசமைப்பு ஒழுங்கை அழிக்க முயலும் எவரையும், வேறு வழியே இல்லாதபோது, எதிர்த்து நிற்கும் உரிமையை ஜெர்மானியர் அனைவருக்கும் தருகிறது. இது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் வழி. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ விஷயமும் அப்படித்தான். 1748இல் அவர் மூன்று அதிகாரங்களைப் பிரித்துக் காட்டியபோது, நீதிபதியைச் சட்டத்தின் சொற்களை உச்சரிக்கும் வாய் என்றே சொன்னார். கார்ல்ஸ்ரூ நீதிபதிகளோ நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாததாக்குகிறார்கள். அதிகாரப் பிரிவினை அவருடையது; நீதிமன்றத்துக்குக் கிடைத்த வலிமை 1933இல் பட்ட அடியிலிருந்து வந்தது. மக்களின் பொதுவிருப்பமே சட்டத்தின் ஊற்று என்ற ரூசோவுக்கு இதில் அவ்வளவாக இடமில்லை. மக்களின் பொதுவிருப்பம் என்ற பெயரில் நடந்த வாக்கெடுப்புகளை இட்லரின் ஆட்சியில் பார்த்தவர்கள், கூட்டாட்சி அளவில் மக்கள் வாக்கெடுப்பைப் பிரதேச எல்லைகளை மாற்றி அமைப்பது போன்ற மிகச் சில காரியங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மறுமொழி 4: மொழிபெயர்ப்பு மேசை

நான் ஜெர்மன் மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். இரண்டு செய்திகளைச் சேர்க்க அனுமதியுங்கள்.

முதல் உறுப்பில் வரும் பெயரடையைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால், 'கைபட முடியாத', 'தீண்ட முடியாத' என்றுதான் வரும். தமிழில் அப்படி எழுத என் கை வராது. தீண்டாமையின் பெயரால் கோடிக்கணக்கானவர்களின் மாண்பைப் பறித்த சமூகத்தின் மொழியில், மாண்பையே 'தீண்டத்தகாதது' என்று எப்படி எழுதுவது? 'மீறவொண்ணாதது' என்று நீங்கள் எழுதியிருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சட்டத்தை மீறுவதுபோல் ஒலிக்கிறது. பல நாள் யோசித்து, 'மனிதரின் மாண்பில் எவரும் கைவைக்க முடியாது' என்று ஒரு நூலில் எழுதினேன். 'கூடாது' என்று எழுதாமல் 'முடியாது' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மூலத்தில் அந்த வாக்கியம் கட்டளையாக இல்லை. ஏற்கெனவே உள்ள ஒன்றைச் சொல்லும் வாக்கியமாக இருக்கிறது. நாட்டில் அன்றாடம் எத்தனையோ பேருடைய மாண்பு மிதிபட்டுக்கொண்டிருந்தாலும், அவர்களிடம் அது இல்லாமல் போய்விடவில்லை என்று அந்த இலக்கணமே சொல்கிறது. கட்டளை அதற்கடுத்த வாக்கியத்தில்தான், அரசின் கடமையாக, வருகிறது.

இரண்டாவது, காண்ட் 'மனிதர்' என்று சொன்னபோது குடியுரிமையில் யாரையெல்லாம் வெளியே நிறுத்தினார் என்பது. 1797ஆம் ஆண்டு நூலில் வாக்களிக்கத் தகுதியுள்ள குடிமக்களையும் தகுதியில்லாதவர்களையும் பிரிக்கிறார். வீட்டு வேலையாட்களோடும் பயிற்சிக் கைவினைஞர்களோடும் பெண்கள் அனைவரையும் இரண்டாம் வரிசையில் வைக்கிறார். பான் மன்றத்தின் 65 பேரில் பெண்கள் 4 பேர். அவர்களில் எலிசபெத் செல்பெர்ட் என்ற வழக்கறிஞர், ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள் என்ற ஐந்து சொல் வாக்கியத்தை முன்மொழிந்தபோது, அது நிறைவேறினால் குடும்பச் சட்டம் முழுவதும் குலைந்துவிடும் என்று சொல்லி 1948 டிசம்பரில் முதன்மைக் குழு அதைத் தள்ளியது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெண்கள் அமைப்புகளிடமிருந்தும் தொழிற்சங்கப் பெண்களிடமிருந்தும் மனுக்கள் வந்து குவிந்தன. 1949 ஜனவரியில் அதே குழு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது 3ஆம் உறுப்பின் 2ஆம் பிரிவு. குழந்தை வளர்ப்பில் பெற்றோருக்குள் கருத்து மாறுபட்டால் தந்தையின் சொல்லே முடிவு என்ற விதியை 1959இல் கார்ல்ஸ்ரூ நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கொண்டுதான் செல்லாததாக்கியது. அறிவொளிக் காலத்தின் தாக்கம் என்று எழுதும்போது, அந்தக் காலத்துப் பெரியவர்கள் வாசலில் நிறுத்திவைத்தவர்கள் தாங்களே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த கதையையும் எழுதுங்கள். அதில்லாமல் உங்கள் கட்டுரை முழுமையாகாது.

மறுமொழி 5: பழைய தீர்ப்புகள் படிப்பவன்

எல்லோரும் ஜெர்மனியைப் பற்றியே சொல்லிவிட்டீர்கள். இந்தச் சட்டத்தின் ஓர் இழை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்திருப்பதை மாணவி அறிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

அடிப்படைச் சட்டத்தின் 79ஆம் உறுப்பின் 3ஆம் பிரிவு, முதல் உறுப்பிலும் 20ஆம் உறுப்பிலும் உள்ள நெறிகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்கிறது. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்ரிச் கான்ராட் என்ற சட்ட அறிஞர் 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். வெளிப்படையான தடை எழுதப்படாவிட்டாலும், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்குள் உள்ளார்ந்த எல்லைகள் உண்டா என்பது அவர் எழுப்பிய கேள்வி. அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது: இந்திய அரசமைப்பின் முதல் உறுப்பைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் இரண்டாகப் பிரிக்க நாடாளுமன்றத்தால் முடியுமா என்று கேட்டார். இங்கே இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த அதே நாட்களில் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார். மொகலாயப் பேரரசரின் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டார்.

அந்த வாதத்தை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார், அடிப்படை உரிமைகளைத் திருத்த நாடாளுமன்றத்தால் முடியுமா என்று கேட்ட கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். 1950இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்காகச் சென்னை மாகாண அரசுக்கு எதிராக வாதாடியவரும் இவரே. பிறகு 1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7க்கு 6 என்று பிரிந்து, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தால் மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தபோது, நீதிபதி எச்.ஆர். கன்னா தம் தீர்ப்பில் கான்ராட்டை மேற்கோள் காட்டினார். நம் அரசமைப்பின் முகவுரையிலும் தனிமனித மாண்பு இருக்கிறது. சகோதரத்துவத்தோடு சேர்த்து அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அம்பேத்கர் தம் வாழ்வின் பிற்பகுதியில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றதாக 1954ஆம் ஆண்டு வானொலி உரையில் தெளிவாகச் சொன்னார். ஒரே சொல்லுக்குப் பல ஊற்றுகள் இருக்கும் என்பதைப் பான் மன்றத்தின் கதையோடு இதையும் வைத்துப் பார்க்கலாம்.

மறுமொழி 6: கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்

மாணவி முதலில் சொன்ன அந்தக் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதையும் பேசிவிடுகிறேன்.

பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் 1980இலேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், கைவிலங்கு போடுவது முதல் பார்வையிலேயே மனிதத்தன்மையற்றது என்றும், தப்பி ஓடுவார் என்பதற்குத் தெளிவான காரணம் இருந்தால் மட்டுமே, அதையும் எழுத்தில் பதிவு செய்து, நீதித்துறை நடுவரின் ஒப்புதலைப் பெற்றே போட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். காவலரின் வசதிக்காக ஒரு மனிதரைக் கட்டிவைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 1995இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, கைவிலங்கைச் சில வகையினருக்கு அனுமதிக்கிறது: மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்முறை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களில் சிக்கியவர். முதல்முறை இருசக்கர வாகனத் திருட்டில் பிடிபட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த முறை அந்த நீதிமன்றத்துக்குப் போகும்போது உங்கள் மூத்த வழக்கறிஞரின் அனுமதியோடு அந்த வழக்கின் அன்றைய நாளின் நடவடிக்கைக் குறிப்பைப் பாருங்கள். கைவிலங்குக்கான காரணம் என்று ஒரு வரியாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நடுவரிடம் அதை வாய்மொழியாகவே சொல்லலாம். இரண்டு நிமிடம்தான் ஆகும். நான் சொல்லியிருக்கிறேன், அங்கேயே கழற்றியும் விட்டிருக்கிறார்கள்.